இருபத்திரண்டு ஆண்டுக் குழுவை மூடும்போது

வாசகர் கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

தொலைநோக்கிக்கான குழியாடியைத் தம் கையாலேயே தேய்த்துச் செய்யும் ஆர்வலர்களுக்காக நாங்கள் மூவர் தொடங்கிய இணையக் குழுவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. மூவரில் ஒருவர் எப்போதோ விலகிவிட்டார். இன்னொருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். நிர்வாகம் முழுவதும் என் ஒருவன் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் நாளுக்கு நூறு பதிவுகள் வந்த இடத்தில் இப்போது வாரத்துக்கு நாலைந்து வருவதே அரிதாகிவிட்டது. மென்பொருள் மிகப் பழையது. அதைப் புதுப்பிக்க எனக்குத் தெரியவில்லை, கண்ணும் முன்போல் ஒத்துழைக்கவில்லை. இன்னும் ஏழு மாதங்களில், ஆண்டு முடிவில், மூடிவிடலாம் என்று நெருங்கிய சிலரிடம் சொன்னேன். ஒருவர் இதைத் துரோகம் என்றார். இன்னொருவர் எல்லோரையும் அரட்டைச் செயலிக்கு அழைத்துப் போய்விடலாம், தரவுத்தளத்தைத் தம்மிடம் கொடுத்துவிடுங்கள் என்கிறார். ஒருவர் தாம் எழுதிய அனைத்தையும் அழிக்கச் சொல்கிறார். காலமான நண்பரின் மகளோ, அப்பா எழுதியவை கிடைக்குமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். சிறந்த நாற்பது கட்டுரைகளை மட்டும் தொகுத்து வைத்துவிட்டு மற்றதை அழித்துவிடலாம் என்பது என் எண்ணம். எது முறை என்று சொல்வீர்களா?

ஆவணக் காப்பாளரின் பதில்

அன்புள்ள ஐயா,

‘துரோகம்’ என்ற அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அது உங்கள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருப்பது கடிதம் முழுவதும் தெரிகிறது. ஊதியம் எதுவும் இன்றி இருபத்திரண்டு ஆண்டுகள், சச்சரவுகளைத் தீர்த்து வைத்து, விளம்பரக் குப்பைகளை அகற்றி, சர்வர் நின்றுபோன இரவுகளில் விழித்திருந்து ஓர் இடத்தைக் காத்து வந்தவர், இனி என்னால் இயலாது என்று சொல்ல முழு உரிமை உள்ளவர். அந்தக் கடுஞ்சொல் பொருந்துகிற மூடல்களும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன்: சொல்லாமல் மூடுவது, எடுத்துக்கொள்ள அவகாசம் தராமல் மூடுவது, பிறருடைய எழுத்தை அவர்கள் அறியாமல் யாருக்கோ கைமாற்றிவிடுவது ஆகியவை அவை. ஏழு மாதங்கள் முன்பாகவே யோசனை கேட்டு எழுதியிருக்கும் நீங்கள் இவற்றில் எதையும் செய்யவில்லை.

உங்களிடம் அப்படிப் பேசியவர் மீதும் எனக்கு வருத்தமில்லை. கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1980களின் இறுதியில் ஒரு கருத்தை முன்வைத்தார்: சிலவகைத் துயரங்களைச் சுற்றி இருப்பவர்கள் துயரமாகவே ஏற்பதில்லை, அதற்காக யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை, அதனாலேயே அவை உள்ளுக்குள் கூடுதலாக வலிக்கின்றன என்பது அதன் சாரம். நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத நூறு பேரோடு இருபது ஆண்டுகள் பேசிப் பழகிய இடம் மூடப்போகிறது என்று வீட்டாரிடமோ அலுவலகத் தோழரிடமோ சொன்னால், அதற்கு என்ன, வேறு இடம் பார்த்துக்கொள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். துக்கத்தை வெளியில் சொல்ல வழியில்லாதவர் அதைக் கோபமாக உங்கள் மேல் இறக்கி வைத்திருக்கிறார். அவருக்கு விளக்கம் எழுதி வாதாட வேண்டாம். மூடும் பணியில் ஒரு பகுதியை அவரிடம் ஒப்படையுங்கள். அது என்ன பகுதி என்று பின்னால் சொல்கிறேன்.

மூடலில் எல்லாவற்றிலும் முக்கியமானது அவகாசம். ஆர்குட் என்ற தன் சமூக வலைத்தளத்தை மூடப்போவதாக 2014 ஜூன் 30 அன்று அறிவித்த கூகுள், மூடும் நாளாக அதே ஆண்டு செப்டம்பர் 30ஐ வைத்தது. தங்கள் படங்களையும் எழுத்தையும் இறக்கிக்கொள்ள மேலும் இரண்டு ஆண்டுகள் வழி இருந்தது. யாஹூ நிறுவனத்தின் இணையக் குழுச் சேவையான யாஹூ குரூப்ஸில் குவிந்திருந்த பழைய உரையாடல்கள் அழிக்கப்படும் என்ற அறிவிப்பு 2019 அக்டோபர் நடுவில் வந்தது. முதலில் குறித்த நாள் டிசம்பர் 14. இரண்டே மாதங்களில் எடுத்து முடிக்க முடியாது என்று எழுந்த குரலுக்குப் பிறகே அது 2020 ஜனவரி 31 வரை தள்ளிப்போனது. 1998 முதல் இயங்கிவந்த ஒளிப்படக் கருவிகளுக்கான டிபி ரிவ்யூ தளம் மூடப்படும் என்று 2023 மார்ச் 21 அன்று அறிவிப்பு வந்தபோது குறிக்கப்பட்ட கடைசி நாள் ஏப்ரல் 10, அதாவது இருபது நாள். கால் நூற்றாண்டுக் காலம் எழுதியவர்களும் படித்தவர்களும் கையில் கிடைத்த கருவியைக் கொண்டு இரவு பகலாகப் பிரதி எடுத்தார்கள். அந்தத் தளத்தை வேறொரு நிறுவனம் அதே ஆண்டு ஜூனில் வாங்கிக்கொண்டதால் அது பிழைத்தது. அப்படி ஒருவர் கடைசி நேரத்தில் வருவார் என்று நம்பி யாரும் திட்டமிட இயலாது.

உங்களிடம் ஏழு மாதங்கள் இருக்கின்றன. அதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். அறிவிப்பை இந்த வாரமே முகப்பில் இடுங்கள், பதிவு செய்த எல்லோருக்கும் மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள், ஏனென்றால் பத்து ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத பலருக்கு அங்கே தங்கள் எழுத்து இருப்பதே மறந்துபோயிருக்கும். அறிவிப்பில் மூன்று நாள்கள் தெளிவாக இருக்கட்டும்: புதிய உறுப்பினர் சேர்க்கை நிற்கும் நாள், புதிய பதிவுகள் நின்று படிக்க மட்டும் திறந்திருக்கும் நாள், சர்வர் நிறுத்தப்படும் நாள். இரண்டாவது நாளுக்கும் மூன்றாவது நாளுக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதங்கள் விடுங்கள். எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் பிரதி என்றும் முழுமையாக இராது; எல்லாம் அசையாமல் நின்ற பிறகு எடுத்த பிரதியைத்தான் நம்பலாம். காரணத்தையும் மறைக்காதீர்கள். கண்பார்வை, பழைய மென்பொருள், தனி ஒருவராகச் சுமக்கும் பாரம் ஆகிய மூன்றையும் உள்ளபடி எழுதினாலே போதும். காரணம் தெரியாத இடத்தில்தான் வதந்தி முளைக்கும்.

இனி அந்த நாற்பது கட்டுரைகளுக்கு வருகிறேன். இந்த யோசனையைத்தான் நான் முழுமையாக எதிர்க்கிறேன். பொறுத்துக்கொண்டு காரணத்தைக் கேளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தபின் குழுவின் பழைய இழைகளில், அதாவது ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த உரையாடல் தொடர்களில், ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இழை என்னை நிறுத்தியது. 150 மில்லிமீட்டர் விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவிய நீளமும் கொண்ட ஆடி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்த புதியவர், ஆடியின் வடிவப் பிழைகளை ஒளியும் நிழலுமாகக் காட்டும் ஃபூக்கோ சோதனையில் தெரிந்த நிழலைப் படம் எடுத்துப் போட்டு, விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று போகவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று கேட்கிறார். முதலில் பதில் சொன்னவர் மெருகேற்றும் பொடியான சீரியம் ஆக்சைடு சரியில்லை, மாற்றிப் பார் என்கிறார். இரண்டாமவர் அதை மறுத்து, மெருகேற்றும் தட்டின் மேல் பூசிய கீல் கெட்டியாக இருக்கிறதோ என்று சந்தேகிக்கிறார். புதியவர் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டு, ஒன்பது நாள் கழித்து, மாற்றம் எதுவும் இல்லை என்று சோர்ந்துபோய் எழுதுகிறார். அப்போதுதான் உங்கள் காலமான நண்பர் உள்ளே வருகிறார். வந்தவர் எந்தத் தீர்வும் சொல்லவில்லை. நீ தேய்க்கும்போது உன் கைகள் கண்ணாடியில் எந்த இடத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு இழுப்பிலும் கண்ணாடி எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது என்று மட்டும் கேட்கிறார். இரண்டு கைகளும் விளிம்பில், நீண்ட இழுப்பு என்று பதில் வருகிறது. கைகளை நடுவுக்குக் கொண்டு வா, இழுப்பைக் குறை, வேறு எதையும் மாற்றாதே, அவசரப்படாதே என்கிறார் நண்பர். பன்னிரண்டு நாள் கழித்து வந்த படத்தில் அந்த ஒளிக்கோடு இல்லை.

இந்த இழை உங்கள் நாற்பதில் இடம்பெறுமா? பெறாது. அது கட்டுரை வடிவில் இல்லை, பாதிக்கு மேல் தவறான யோசனைகள், நடுவில் இரண்டு பேர் கொஞ்சம் முறைத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் உங்கள் துறையில் இந்த இழையைவிடப் பெறுமதியான ஆவணம் அரிது என்பேன். அந்த அளவுள்ள ஆடியின் நடுப்பள்ளம் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர்தான், கோள வடிவத்துக்கும் வேண்டிய பரவளைய வடிவத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அந்த நுண்ணிய அளவை விரல்களால் திருத்தும் கலையில், சரியான முறையைச் சொல்லும் நூல்கள் ஏராளமாக இருக்கின்றன. சரியான முறையைப் பின்பற்றியும் கோணலாகிவிட்டால் எங்கே பார்ப்பது, எதை முதலில் சந்தேகிப்பது, எத்தனை நாள் பொறுப்பது என்பதை நூல் சொல்வது குறைவு. அது தவறிய ஒருவரும் முன்பே தவறிய இன்னொருவரும் பேசிக்கொள்ளும் இடத்தில்தான் பதிவாகிறது. தவறான முதல் பதிலை நீக்கிவிட்டால், அந்தப் பதில் ஏன் தவறு என்ற அறிவும் சேர்ந்து போய்விடும். பத்து ஆண்டு கழித்து அதே ஒளிக்கோட்டைக் கண்டு தவிக்கப்போகும் ஒருவர், அதே சீரியம் ஆக்சைடைத்தான் முதலில் சந்தேகிப்பார்.

ஆகவே முழுவதையும் வையுங்கள். தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், இழைகளை முழுதாகத் தேர்ந்தெடுங்கள். ஓர் இழைக்குள் பதிவுகளைப் பொறுக்காதீர்கள். நாற்பது கட்டுரைத் தொகுப்பு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முழுப் பிரதிக்கு முன்னால் வைக்கும் வழிகாட்டியாக அது மிக நன்றாகப் பயன்படும். உங்களைக் கடிந்துகொண்ட நண்பருக்கு நான் மனத்தில் வைத்திருந்த பணி இதுதான். எந்த இழை எதைப் பற்றியது, முடிவில் என்ன தீர்வு கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதும் வேலையை அவரிடம் கொடுங்கள். ஐந்நூறு இழைகளுக்கு அப்படி எழுதி முடிக்கும்போது, அவருடைய துக்கத்துக்கு ஒரு வடிவமும் உங்கள் காப்பகத்துக்கு ஒரு பொருளடக்கமும் ஒருசேரக் கிடைத்திருக்கும்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஒரு முறை கோட்டை விட்டிருக்கிறேன். சிற்றலை வானொலி கேட்பவர்களின் குழு ஒன்று மூடப்பட்டபோது, அதன் எழுத்துகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் பிரதி எடுத்துவிட்டேன் என்ற நிறைவில் இருந்தேன். சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, உறுப்பினர்கள் பகிர்ந்திருந்த, ஒலிபரப்பைக் கேட்டதை உறுதிசெய்து வானொலி நிலையங்கள் அனுப்பும் ஒப்புகை அட்டைகள் இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். அந்தப் படங்கள் குழுவின் சர்வரில் இருக்கவில்லை. வெளியே வேறொரு படச் சேமிப்பு நிறுவனத்தில் இருந்தன, அது இதற்கிடையில் தன் கதவைச் சாத்திவிட்டது. அந்த அட்டைகளில் பலவற்றின் மூலம் இனி யாரிடமும் இல்லை. இன்றும் அந்தக் கோப்புறையைத் திறக்க எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் குழுவிலும் இதே நிலை இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2017இல் போட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம் தன் விதிமுறைகளை மாற்றியபோது, அதை நம்பிப் படம் போட்டிருந்த எண்ணற்ற பொழுதுபோக்குக் குழுக்களின் பழைய இழைகள் ஒரே நாளில் படமற்றுப் போயின. வெளியே போகும் இணைப்புகளும் அப்படித்தான். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஃபூக்கோ நிழல் படங்கள் இல்லாமல் உங்கள் இழைகள் பாதி ஊமையாகிவிடும். படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போவதற்கு முன்பே, வெளியே இருக்கும் படங்களின் பட்டியலை எடுத்து, இன்னும் உயிரோடு இருப்பவற்றை உள்ளே கொண்டு வாருங்கள். தொலைந்தவற்றுக்கு, போட்டவரிடமே மூலப்படம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

பிரதி எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வடிவங்கள் வேண்டும். தரவுத்தளத்தின் முழு பேக்கப் ஒன்று. உங்கள் பழைய மென்பொருள் இல்லாமலே எந்தக் கணினியிலும் திறந்து படிக்கக்கூடிய, எளிய பக்கங்களாக இறக்கப்பட்ட பிரதி ஒன்று. தரவுத்தளம் மட்டும் இருந்தால், அந்த மென்பொருள் இயங்காத காலத்தில் அது பூட்டிய பெட்டிதான். வீகெட் (Wget) போன்ற இலவசக் கருவி எளிய பக்கங்களையும் எடுக்கும், வார்க் (WARC) என்ற காப்பக வடிவிலும் எடுத்துத் தரும். 2009இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம் அது, நூலகங்கள் கேட்பதும் அதையே. 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின், இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷின் உங்கள் பக்கங்களில் சிலவற்றை ஏற்கெனவே எடுத்திருக்கக்கூடும், ஆனால் உறுப்பினராக உள்நுழைந்தால் மட்டுமே தெரியும் பகுதிகள் அதற்கு எட்டாது. பொதுவில் வைக்கத் தகுந்த பகுதிகளை இந்த ஏழு மாதங்களில் திறந்துவிட்டால் அதுவும் எடுத்துக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999இல் உருவான லாக்ஸ் (LOCKSS) என்ற பாதுகாப்புத் திட்டத்தின் பெயரே, பிரதிகள் நிறைய இருந்தால் பொருள் பத்திரமாக இருக்கும் என்ற தொடரின் சுருக்கம்தான். குறைந்தது மூன்று பேரிடம், மூன்று வேறு ஊர்களில், பிரதி இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு உங்களுக்கு ஒரு வரி எழுதட்டும்.

தரவுத்தளத்தைக் கேட்கும் நண்பரின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அவர் கேட்பது போலக் கொடுக்காதீர்கள். அதற்குள் பதிவுகள் மட்டும் இல்லை. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகள், குறியாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொற்கள், எந்த இணைய முகவரியிலிருந்து எப்போது வந்தார்கள் என்ற குறிப்புகள், இருபத்திரண்டு ஆண்டுத் தனிச்செய்திகள் எல்லாம் இருக்கின்றன. பழைய மென்பொருள்கள் கடவுச்சொல்லைக் காத்த முறை இன்றைய கணினிகளுக்கு முன் பலவீனமானது. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் பயன்படுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தனிச்செய்திகளோ இருவர் தமக்குள் நம்பிப் பேசியவை. உடல்நலம், குடும்பச் சிக்கல் என்று எத்தனையோ அங்கே போயிருக்கும். அவற்றை உரியவர்களே இறக்கிக்கொள்ள வழி செய்து, குறித்த நாளில் அழித்துவிடுங்கள். காப்பாளனாக இருந்துகொண்டு அழிக்கச் சொல்வது எனக்கு எளிதல்ல என்றாலும், இந்த ஒன்றில் எனக்குத் தயக்கமே இல்லை. இவற்றையெல்லாம் நீக்கிய பிரதி ஒன்றைத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் அவர் ஒருவருக்கு மட்டும் இல்லாமல், கேட்கும் எந்த உறுப்பினருக்கும்.

அரட்டைச் செயலி யோசனையை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். ஒருவரையொருவர் நலம் விசாரிக்க, தேய்க்கும்போதே படம் எடுத்து அனுப்ப, அது வசதியான இடம். உங்கள் எஞ்சிய உறுப்பினர்களின் நட்பு அங்கே தொடரட்டும். ஆனால் அறிவை அங்கே சேமிக்க முடியும் என்று நம்பாதீர்கள். நேற்றுச் சொன்னது இன்று மேலே ஓடிவிடும், புதிதாக வருபவருக்குப் பழையது எளிதில் கிட்டாது, வெளியிலிருந்து தேடுபவருக்கோ அப்படி ஓர் உரையாடல் நடந்ததே தெரியாது. யாராவது குழுவையே முழுதாக ஏற்று நடத்த முன்வந்தால், தனி ஒருவராக வராமல் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரச் சொல்லுங்கள். தனி ஒருவர் மேல் எல்லாம் விழுந்தால் என்ன ஆகும் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? பெயர் தெரியாத நிறுவனம் விலைக்குக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பழைய குழுக்களின் நற்பெயரை விளம்பர இணைப்புகளை நடுவதற்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்பவரைப் பற்றி. அவருடைய எழுத்தின் உரிமை அவருடையதுதான். குழுவில் இட்டதால் அது உங்களுடையதாகிவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் உறுப்பினர் என்றால், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறை, தம் தனித்தரவை அழிக்கக் கோரும் உரிமையையும் சில வரம்புகளுக்கு உட்பட்டு அவருக்குத் தருகிறது. ஆனால் சட்டத்தைப் பேசுவதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: உறுத்துவது எழுத்தா, அதன் மேல் இருக்கும் பெயரா? நான் கண்டவரை, பெரும்பாலோர் இளம் வயதில் எழுதிய சில பதிவுகளோ, பெயரைத் தேடினால் அவை மேலே வருவதோதான் உறுத்துகிறது என்பார்கள். பெயரை நீக்கி ‘முன்னாள் உறுப்பினர்’ என்று மாற்றி, குறிப்பிட்ட சில பதிவுகளை எடுத்துவிட்டால் நிறைவடைவார்கள். இல்லை, எல்லாம் போக வேண்டும் என்று அவர் உறுதியாகச் சொன்னால், போகட்டும். பிறர் எழுதிய பதில்களைத் தொடாதீர்கள். அவர் பதிவு இருந்த இடத்தில், எழுதியவர் விருப்பப்படி நீக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கட்டும். காப்பகத்தில் ஓர் ஓட்டை விழுவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியும். விருப்பமில்லாத ஒருவரை அதற்குள் பிடித்து வைத்திருப்பதைத்தான் தாங்க முடியாது.

மூடியதும் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயரைக் கைவிட்டுவிடாதீர்கள். புதுப்பிக்காமல் விட்ட பெயரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். இருபத்திரண்டு ஆண்டுகளாக எத்தனையோ பக்கங்கள் அந்தப் பெயருக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் நிலையில், அங்கே நாளை சூதாட்ட விளம்பரம் வந்து உட்காரும். அதைவிட மோசமான ஆபத்து ஒன்றும் உண்டு. அந்த டொமைனில் உங்களுக்கோ பிற நிர்வாகிகளுக்கோ மின்னஞ்சல் முகவரி இருந்தால், பெயரை வாங்கியவர் அந்த அஞ்சல்களைத் தம்மிடம் வரவழைத்து, அதை வைத்து வேறு கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்ற முயலலாம். அந்த முகவரிகளைப் பயன்படுத்தும் எல்லாக் கணக்குகளையும் முன்கூட்டியே வேறு முகவரிக்கு மாற்றிவிட்டு, டொமைனைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து வையுங்கள். அந்தப் பெயரில் ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும்: குழு எப்போது தொடங்கியது, எப்போது மூடியது, பிரதி எங்கே கிடைக்கும், யாரைத் தொடர்பு கொள்வது.

கடைசி மாதத்தில், பதிவுகள் நிற்பதற்கு முன்பு, ஓர் இழையைத் திறந்து வையுங்கள். அதில் ஒவ்வொருவரும் தாம் தேய்த்த முதல் ஆடியின் படத்தையும், அது இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் எழுதட்டும். எப்போதோ போனவர்களில் பலர் உங்கள் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு அதற்காகத் திரும்பி வருவார்கள். மூடும் குழுக்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் ஓசையற்றுக் கிடந்த இடம் இரண்டு வாரங்களுக்குக் கலகலப்பாகிவிடும். அந்தக் கலகலப்பைக் கண்டு, மூட வேண்டாமோ என்று உங்கள் மனம் தடுமாறக்கூடும். அது விடைபெற வந்தவர்களின் கூட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, குறித்த நாளை மாற்றாமல் இருங்கள். நாள் மாறிக்கொண்டே போனால், இரண்டாம் முறை அறிவிக்கும்போது யாரும் வரமாட்டார்கள்.

நண்பரின் மகளுக்கு இன்றே பதில் எழுதிவிடுங்கள்; மற்றவை நாளை வரை காத்திருக்கலாம். தந்தை எழுதிய பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்து அடுக்கி அனுப்புவது எளிது, ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். ‘கைகளை நடுவுக்குக் கொண்டு வா’ என்ற ஒரு வரியை மட்டும் பார்த்தால் அந்த மகளுக்கு என்ன விளங்கும்? அதற்கு முன்னால் இருந்த சோர்வையும் பின்னால் வந்த நன்றியையும் சேர்த்துப் படித்தால்தான் அப்பா அங்கே யாராக இருந்தார் என்பது தெரியும். அவர் பங்குபெற்ற இழைகளை முழுமையாக, பதிவிட்ட நாளும் நேரமும் மாறாமல், எளிய பக்கங்களாக்கி அனுப்புங்கள். தனிச்செய்திகளைக் கேட்டால், அவை மறுபக்கத்தில் இருந்தவருக்கும் சொந்தம் என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். அப்படி மறுபக்கத்தில் இருந்தவர்களிடம் நீங்களே எழுதிக் கேட்டு, இசைந்தவர்கள் தருவதை மட்டும் சேர்த்துக் கொடுங்கள்.

கூடவே நீங்களும் அவரிடம் ஒன்று கேளுங்கள். நான் பார்த்த இழைகளில் உங்கள் நண்பர் போட்டிருந்த படங்கள் பல இப்போது வெற்றுக் கட்டங்களாக இருக்கின்றன. அவருடைய பழைய கணினியோ, ஹார்டு டிஸ்க்கோ, கேமரா அட்டையோ வீட்டில் இன்னும் இருந்தால், அதை யாரும் துடைத்துவிடுவதற்கு முன், அந்தப் படங்கள் அதில் இருக்கின்றனவா என்று அவரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவுகளின் தேதிகளைக் கொண்டு எந்தப் படம் எந்த இழைக்கு உரியது என்று நீங்கள் இருவருமே சேர்ந்து பொருத்திவிட முடியும். அதற்கு உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள்.